வாடை படாமல் எழுதியவை

ராகலை
2024 ஜூன் 3

அன்புள்ள மருமகள் சுலக்ஷனாவுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னமே சொல்லியிருந்தேன். உன் கல்யாணப் பந்தியில் எல்லாரும் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் உன் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையை முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளியே பிடித்திருந்தாய். பக்கத்து இலைக்காரரிடம் அப்போதே சொன்னேன்: "இந்தப் புள்ளைக்கு மூக்கு ரொம்ப நுணுக்கம். மசக்கை வந்தா ஆஸ்பத்திரியிலதான் போய் நிக்கும்." அந்தப் பக்கத்து இலைக்காரர் யார் என்று கேட்காதே. அவர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார்.

ஆஸ்பத்திரி, வார்டு, ஜன்னலோரக் கட்டில் வரைக்கும் எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் போனது ஒன்றுதான். சனிக்கிழமை நான் வாசலில் வந்து நின்றதுமே நீ குடலே வெளியில் வருகிற மாதிரி வாந்தி எடுப்பாய் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. முப்பது வருஷமாகக் கருவாட்டுக்கடை வைத்திருக்கிறவனுக்குத் தன் வாடை தெரியாது. காலையில் சந்தன சோப்புப் போட்டுத்தான் குளித்தேன். அந்தச் சிங்கள நர்ஸ் என்ன சொன்னாள் தெரியுமா? "மாமா, கரவல, கருவாட்டுக் கடைய வெளிய வச்சிட்டு வாங்க" என்றாள். கடையை ராகலையில் பூட்டிவிட்டுத்தான் வந்தேன் என்றேன். "அப்ப நீங்களும் வெளிய நில்லுங்க" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

போனில் பேசலாம் என்றால், அந்த வெளிச்சம் கண்ணில் பட்டாலே உனக்குக் குமட்டுகிறதாம், பேச வாயைத் திறந்தால் எச்சில் ஊறுகிறதாம். உன் புருஷன் மதுரன் சொன்னான். அதனால்தான் கடிதம். அவன் லீக்ஸ் மரக்கறி ஏற்ற ராகலைக்கு லொறி கொண்டுவருகிற நாளெல்லாம் கொடுத்தனுப்புகிறேன். பதிலை அவனிடமே கொடு.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் உனக்கு நடந்ததை நான் மறக்கவில்லை. லிந்துலை லயத்தில், அந்த ஒற்றைக் காம்பரா வீட்டில் உன்னைப் படுக்கப்போட்டு, "மசக்கைதானே, தானா நிக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நின்றது மசக்கை இல்லை, பிள்ளை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று நான் அப்போதே சொன்னேன். சொன்னேனா, நினைத்தேனா, இரண்டில் ஒன்று. இந்தத் தடவை கட்டிலை விட்டு இறங்காதே. யாராவது இறங்கச் சொன்னால் என் பெயரைச் சொல். வீரபத்திரன் என்றால் இந்த மலையில் டாக்டர்மாரே எழுந்து நிற்பார்கள்.

கொஞ்சம் நெத்தலியும் அனுப்பலாம் என்றிருந்தேன். மதுரன் கையெடுத்துக் கும்பிட்டான். விட்டுவிட்டேன்.

உன் தாய்மாமன்
வீரபத்திரன்

&nbsp;

ஜன்னலோரக் கட்டில்
2024 ஜூன் 6

மாமா,

உங்கள் கடிதத்தை நான் படிக்கவில்லை. பக்கத்துக் கட்டில் ஷாமிலா படித்தாள். உறையைப் பிரித்ததுமே எனக்கு வந்துவிட்டது. அவள் தாளை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்து உள்ளே திரும்பிச் சொன்னாள். "ஒங்க மாமா எழுத்துலகூட கட்டா கருவாடு மணக்குது புள்ள" என்கிறாள். தயவுசெய்து கடையில் உட்கார்ந்து எழுதாதீர்கள்.

எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. ஒரு பிளாஸ்டிக் கோப்பையைக் கையிலேயே வைத்திருக்கிறேன். தண்ணீருக்கு வாடை இருக்கிறது என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஆறு கிலோ குறைந்துவிட்டேன். சேலைன் ஏற்றினால் ஒரு நாள் நிற்கிறது. நின்றதும் வீட்டுக்குப் போ என்கிறார்கள். போனதும் மறுபடி தொடங்குகிறது. இது இரண்டாம் தடவை. திங்கட்கிழமை டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள்.

நேற்று அத்தை, மதுரனின் அம்மா, வந்திருந்தார். "நானும் மூணு பெத்தேன். ஒரு நாளு கொழுந்துக் கூடைய எறக்கி வச்சதில்ல. இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு எல்லாத்துக்கும் படுக்கை வேணும்" என்று வார்டு முழுக்கக் கேட்கச் சொன்னார். மதுரன் பக்கத்தில் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வீட்டுக்குப் போக மாட்டேன் மாமா. போன வருஷம் எல்லாரும் சொன்னதைக் கேட்டேன். பிள்ளைக்காம்பராவில் மற்றவர்களின் பிள்ளைகளைத் தூங்கவைக்கிற வேலைக்குத் திரும்பிப் போனபோது ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தடவை இந்தப் பிள்ளை இருக்கும். அதற்கு என்ன செய்யவேண்டும் என்று மட்டும்தான் யோசிக்கிறேன்.

ஒன்று கேட்கவேண்டும். "ஒங்க அம்மாவுக்கும் இப்புடி இருந்துச்சா?" என்று மிட்வைஃப் மிஸ் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது. அப்பாவும் இல்லை. நான் வயிற்றில் இருந்தபோது அம்மாவைப் பார்த்தவர் என்று மிஞ்சியிருப்பது நீங்கள் ஒருவர்தான். இருந்ததா? ஒரு வரி போதும்.

சுலக்ஷனா

&nbsp;

ராகலை
2024 ஜூன் 8

அன்புள்ள மருமகளுக்கு,

இருந்தது.

நீ கேட்ட ஒரு வரி முடிந்தது. இனி வருவது நீ கேட்காதது.

இதைக் கடையில் எழுதவில்லை. கோயிலுக்குப் பின்னால் பாலர் பாடசாலை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்று வயதுப் பிள்ளைக்குச் செய்த பெஞ்சு. முழங்கால் தாடையில் இடிக்கிறது. கையை எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்துக் கழுவினேன். தாளையும் பாடசாலை டீச்சரிடமே வாங்கினேன். "கடிதம் எழுத இவ்வளவு சுத்தமா மாமா, மந்திரிக்கா?" என்று அவள் கேட்டாள். அதைவிடப் பெரிய இடத்துக்கு என்றேன்.

இப்போது கேள். தொண்ணூற்றேழாம் வருஷம். நீ வயிற்றில். என் அக்கா மீனம்மா, உன் அம்மா, மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே தேயிலைச் செடிக்கு மேல் சரிந்தாள். ஒரு வாய் தண்ணீர் உள்ளே போனால் இரண்டு வாய் வெளியே வந்தது. தோட்டத்து மருந்துக்காரர் இஞ்சி கொடுத்தார். இஞ்சி வந்தது. புளிப்புக்குத் தேசிக்காய் கொடுத்தார். தேசிக்காயும் வந்தது. கடைசியில் நான் கொழுந்து லொறிக்கு முன்னால் போய் ரோட்டில் படுத்தேன். "ஏத்துறியா, ஏறிப் போறியா?" என்று டிரைவரைக் கேட்டேன். கொழுந்துச் சாக்குகளுக்கு மேல் அக்காவைப் படுக்கவைத்து ஹட்டனுக்குக் கொண்டுபோனோம். மழை என்றால் மழை, லொறிக்கு முன்னால் ஒரு முழம் தெரியவில்லை. நான் பானட்டில் உட்கார்ந்து வழி சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைத்தலை டாக்டர். அக்காவின் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். "இது மசக்கை இல்ல, நோய். இந்தப் பொம்பளய யாரும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது" என்றார். மூன்று மாதம் வைத்திருந்தார்கள். ஏற்றின சேலைன் போத்தலைக் கோத்திருந்தால் ராகலையிலிருந்து நானுஓயா வரைக்கும் மாலை போட்டிருக்கலாம். நர்ஸ்மார் அவளுக்கு 'சேலைன் மீனம்மா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவள் விட்டாளா? விடவில்லை. அந்தப் பிடிவாதம்தான் இப்போது ஜன்னலோரக் கட்டிலில் படுத்துக்கொண்டு எனக்குக் கடிதம் எழுதுகிறது.

இதை டாக்டரிடம் சொல். திங்கட்கிழமைக்கு முன்னால் சொல். வாயைத் திறந்தால் வாந்தி வரும் என்று பயப்படாதே, எடுத்துவிட்டுச் சொல்.

உன் மாமன்
வீரபத்திரன்

&nbsp;

ஜன்னலோரக் கட்டில்
2024 ஜூன் 14

மாமா,

இந்தக் கடிதத்தை நானே படித்தேன். எலுமிச்சை வாடை மட்டும் லேசாக இருந்தது. அதைத் தாங்க முடிந்தது.

திங்கட்கிழமை டிக்கட் வெட்டிவிட்டார்கள். மதுரன் என் துணியைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு புது டாக்டர் அம்மா கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பெயர் நிலக்ஷி. அக்கரபத்தனைப் பக்கம் தோட்டத்துப் பிள்ளை, வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. நீங்கள் சொன்ன மாதிரியே கோப்பையில் எடுத்துவிட்டுச் சொன்னேன்.

"அம்மாவுக்கும் இருந்துச்சா? மூணு மாசம் ஆஸ்பத்திரியிலயா?" என்று கேட்டவர் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். தாய்க்கு இருந்தால் மகளுக்கு வருவது அதிகமாம். என் தாள்களை முதலிலிருந்து புரட்டினார். நர்ஸைக் கூப்பிட்டு, "இந்தப் புள்ள எங்கயும் போகல" என்றார். மதுரன் துணிகளைத் திரும்ப எடுத்து வைத்தார். அன்றைக்குத்தான் அவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

அன்றே ஒரு விட்டமின் ஊசி போட்டார்கள். இவ்வளவு நாள் சாப்பிடாத உடம்புக்கு அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்கே கெடுதல் வரலாமாம். வாந்தியை நிறுத்துகிற மருந்தையும் மாற்றியிருக்கிறார்கள்.

டாக்டர் அம்மா ஒரு ஆராய்ச்சி செய்கிறார். என்னை மாதிரி வாந்தி எடுக்கிறவர்களிடமும், எடுக்காத கர்ப்பிணிகளிடமும் ரத்தம் எடுத்து ஒப்பிடுகிறார்கள். எனக்குப் புரிகிற மாதிரி சொல்லிக் காட்டினார். உடம்பு ஒக்சிஜனைச் செலவழிக்கும்போது அடுப்பில் பொறி பறக்கிற மாதிரி சில பொருள்கள் உண்டாகின்றன. அவற்றை அணைக்கிற சரக்கும் உடம்பிலேயே இருக்கிறது. பொறி கூடி, அணைக்கிறது குறைந்தால் ரத்தத்தில் இருக்கிற கொழுப்பும் செல்லின் சுவரும் கெடத் தொடங்கும். உடம்பு அதோடு சண்டை பிடிக்கும்போது உள்ளே அழற்சி உண்டாகும். என்னைப் போன்றவர்களின் ரத்தத்தில் இரண்டுக்கும் அடையாளம் பார்த்திருக்கிறார்களாம்.

"அதனாலதான் வாந்தி வருதா?" என்று கேட்டேன்.

"வாந்தியால இது வருதா, பட்டினியால வருதா, இதால வாந்தி கூடுதான்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாதும்மா. தெரிஞ்சா உன்கிட்ட ஏன் ரத்தம் கேக்கப் போறேன்?" என்றார்.

அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. கையை நீட்டினேன். என் பெயர் ஒட்டிய குழாயைப் பார்த்தபோது அழுகை வந்தது மாமா. நான் நடிக்கவில்லை என்று கண்ணாடிக்குள் எழுதிவைத்த மாதிரி இருந்தது.

அம்மாவைப் பற்றி இன்னும் எழுதுங்கள். முதலில் வயிற்றில் எது நின்றது? எனக்கு அது தெரியவேண்டும்.

சுலக்ஷனா

&nbsp;

ராகலை
2024 ஜூன் 21

அன்புள்ள மருமகளுக்கு,

டாக்டர் நிலக்ஷி சொன்னதை நான் பத்து வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். யாரும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான். நெய் உள்ள சாளைக் கருவாட்டைக் காற்றுப்பட வைத்துப் பார். வயிற்றுப் பக்கம் மஞ்சளாகும், பிறகு காறல் வாடை அடிக்கும். ஏன்? கொழுப்பைக் காற்று தின்றுவிட்டது. உன் ரத்தத்தில் நடப்பதும் அதேதான், காறல். கருவாடு காறாமல் இருக்க என்ன போடுகிறோம்? உப்பு. உனக்கு என்ன ஏற்றுகிறார்கள்? உப்புத் தண்ணீர். ஆராய்ச்சி முடிந்ததா? டாக்டர் அம்மாவுக்கு வேண்டுமானால் என் பெயரைப் போட்டுக்கொள்ளட்டும், நான் காசு கேட்க மாட்டேன்.

மதுரன் இதைக் கேட்டுவிட்டு, உப்பு கெட்டுப்போகாமல் பார்க்குமே தவிர காறலை நிறுத்தாது, உங்க கடையிலேயே உப்புப் போட்ட சாளை காறிப்போய்த்தான் கிடக்கிறது என்றான். லொறி ஓட்டுகிறவனுக்கு எதற்கு விஞ்ஞானம்.

பொறியை அணைக்கிற சரக்கு நெல்லிக்காயில் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். ஒரு சாக்கு வாங்கி அனுப்பினேன். டாக்டர் அம்மா திருப்பி அனுப்பிவிட்டாராம். "மருந்துன்னு நிரூபிக்காதத நான் குடுக்க மாட்டேன், ஊறுகா போட்டுக்கச் சொல்லு" என்றாராம். கெட்டிக்காரப் பிள்ளை. நானும் அதைத்தான் நினைத்தேன்.

புதன்கிழமை லிந்துலைக்குப் போனேன். உன் மாமியாரோடு ஒரு கை பார்க்கவேண்டும் என்று வீட்டிலிருந்தே முடிவோடு கிளம்பினேன். அழகம்மை சம்பந்தி லயத்து வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க சம்பந்தி. கருவாடு கொண்டாந்தீங்களா?"

"இல்லீங்க. நியாயம் கொண்டாந்திருக்கேன்."

"அது றாத்தல் என்ன வெல?"

நான் விடவில்லை. ரத்தக் குழாய், பொறி, காறல், அழற்சி எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தேன். பக்கத்துக் காம்பராக்காரர்கள் எல்லாரும் வெளியே வந்து கேட்டார்கள். உன் மாமியார் விறகைக் கீழே போட்டார்.

"என் ரத்தத்துக்கு யாரு குழாய் புடிச்சா? மூணாவதுக்கு நானும் வாந்தி எடுத்துக்கிட்டேதான் மலைக்குப் போனேன். தேயில வரிசையில நெறைக்கு நின்னுக்கிட்டே எடுத்தேன். கங்காணி கால நகத்திக்கிட்டான். ஒருத்தரும் என்னன்னு கேக்கல. கேட்டிருந்தா நானும் படுத்திருப்பேன்."

நான் குனிந்து அந்த விறகைப் பொறுக்கி அடுக்கத் தொடங்கினேன். இதை நீ எங்காவது எழுதிவை. வீரபத்திரன் பேசாமல் வேலை செய்த நாள் அது.

விறகு பாதி அடுக்கியதும் அவரே சொன்னார்: "அவ வந்தா வீட்டுக்குள்ள தாளிக்க மாட்டேன். பக்கத்து அடுப்புல ஆக்கிக்கிறேன். ஆனா நீங்க இந்தப் பக்கம் வரக் கூடாது சம்பந்தி, பேசும்போதே மணக்குது." ஒப்புக்கொண்டு திரும்பினேன். வென்றது நான்தான் என்று நினைக்கிறேன்.

அக்காவுக்கு முதலில் நின்றது உருளைக்கிழங்கு. தலவாக்கலை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான்தான் அவித்துக் கொண்டுபோனேன். சூட்டோடு கொடுக்கக் கூடாது, சூட்டில்தான் வாடை. நன்றாக ஆறவைத்து, தோலை வெளியிலேயே உரித்து, உப்புத் தொட்டு, நகக்கண் அளவு. விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி இருப்பாள். நின்றுவிட்டால் இன்னொரு நகக்கண். அப்படித்தான் நீ வளர்ந்தாய்.

உன் மாமன்
வீரபத்திரன்

&nbsp;

ஜன்னலோரக் கட்டில்
2024 ஜூலை 8

மாமா,

இடையில் எழுத முடியவில்லை. புது மருந்து முதலில் கேட்டது, பிறகு கேட்கவில்லை. வாந்தியில் ரத்தக் கோடு வந்தது. மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். இரவு பகல் தெரியாமல் கிடந்தேன். மதுரன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நீ இருந்தாப் போதும் சுலோ, புள்ள அப்புறம் பாத்துக்கலாம்" என்று அழுதார். பெரிய டாக்டரும் அப்படி ஒரு பேச்சை எடுத்தார். நான் தலையை ஆட்டவில்லை. இரண்டு பேரும் இருப்போம், அதற்கு வழி என்ன என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். டாக்டர் நிலக்ஷி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் வழி இருக்கு. ஒரு வாரம் பாப்போம்" என்றார்.

அந்த வாரத்தில் அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன். அம்மாவின் முகம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை மாமா. ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிற அம்மா தெளிவாகத் தெரிந்தாள். குழாயைக் கழற்றிய அன்று உருளைக்கிழங்கு கேட்டேன். ஷாமிலாவின் அம்மா அவித்து, ஆறவைத்து, வெளியிலேயே உரித்துக் கொண்டுவந்தார். நகக்கண் அளவு. நானும் சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஷாமிலா கோப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

நின்றது.

மறுநாள் இரண்டு. இப்போது ஒரு முழுக் கிழங்கு. நேற்று பாதி பிஸ்கட். அம்மாவால் முடிந்தது, எனக்கும் முடிந்தது. ஸ்கேனில் பிள்ளையின் இதயம் துடிப்பதைக் காட்டினார்கள். அப்படி ஓடுகிறது, காலைப் பெரட்டில் பெயர் கொடுக்கப் பிந்திப்போனவன் மாதிரி.

டாக்டர் நிலக்ஷி உங்களைப் பார்க்கவேண்டும் என்கிறார். எங்கள் குடும்பத்தை வட்டமும் கட்டமுமாக வரைந்திருக்கிறார். அம்மாவின் வட்டத்தைக் கறுப்பாக நிரப்பியிருக்கிறார், என்னுடையதையும். அம்மா எந்த வருஷம், எந்த ஆஸ்பத்திரியில் கிடந்தாள் என்று விவரம் கேட்கவேண்டுமாம். வெள்ளிக்கிழமை வாருங்கள். வார்டுக்கு வரவேண்டாம், அவரே ஆஸ்பத்திரி கேட்டுக்கு வருவார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நில்லுங்கள்.

சுலக்ஷனா

&nbsp;

ராகலை
2024 ஜூலை 13

அன்புள்ள மருமகளுக்கு,

கிழங்கு நின்ற செய்தியை பஜார் முழுக்கச் சொல்லிவிட்டேன். மரக்கறிக் கடைக்காரர் கிழங்கு விலையை ஏற்றிவிட்டார்.

வெள்ளிக்கிழமை வர முடியவில்லை. கடைக்கு மீன் வந்த நாள். அதோடு முழங்கால் வலி, பாலர் பாடசாலை பெஞ்சினால் வந்தது. பஸ்ஸும் இல்லை. இருந்தது, ஆனால் அதில் எனக்குப் பிடிக்காத ஒருவர் இருந்தார். டாக்டர் அம்மாவிடம் சொல், பழைய விஷயங்களைக் கிளறுவதில் என்ன இருக்கிறது. உன் ரத்தம் போதும்.

நன்றாகச் சாப்பிடு.

வீரபத்திரன்

&nbsp;

ஜன்னலோரக் கட்டில்
2024 ஜூலை 22

மாமா,

நாளை மறுநாள் வீட்டுக்குப் போகிறேன். இந்தத் தடவை அவர்கள் போகச் சொல்லவில்லை, நான்தான் கேட்டேன். வாந்தி இன்னும் இருக்கிறது, ஆனால் உள்ளே போவது வெளியே வருவதைவிடக் கூடுதல். இரண்டு கிலோ ஏறியிருக்கிறேன். மறுபடி கூடினால் நேராக இந்த வார்டுக்கே வரலாம் என்று டாக்டர் எழுதித் தந்திருக்கிறார். அத்தை நேற்று வந்து என் தலையைச் சீவிவிட்டார். எண்ணெய் வைக்கவில்லை. வாடை ஆகாது என்று அவரே சொன்னார்.

நீங்கள் எழுதும் கடிதங்களில் இவ்வளவு சின்னது நான் பார்த்ததில்லை. அதனால் பழையவற்றை எடுத்துத் திரும்பப் படித்தேன். ஒன்றில் அம்மா ஹட்டனில் கிடக்கிறாள். இன்னொன்றில் தலவாக்கலையில்.

டாக்டர் அந்த வெள்ளிக்கிழமை கேட்டில் ஒரு மணி நேரம் நின்றாராம். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் வரைந்த அந்தக் குடும்பப் படம் என் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை மாமா. இந்த ஆராய்ச்சியைப் படித்துவிட்டு நாளைக்கு ஒரு டாக்டர், "அம்மாவுக்கு இருந்துச்சா?" என்று ஒரு பிள்ளையிடம் கேட்பார். இல்லை என்று சொன்னால் அவளை வீட்டுக்கு அனுப்புவாரா, வைத்துக்கொள்வாரா? என்னை ஒரு தடவை அனுப்பினார்கள், இரண்டாம் தடவையும் அனுப்பத்தான் பார்த்தார்கள். என் ரத்தம் அங்கே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இருப்பதும் உண்மையாக இருக்கவேண்டும்.

எனக்குக் கோபம் இல்லை. கோபப்படுகிற பலம் இன்னும் வரவில்லை. அம்மா எங்கே கிடந்தாள் என்று சொல்லுங்கள். எனக்குச் சொல்வதற்கு முன்னால் டாக்டருக்குச் சொல்லுங்கள்.

சுலக்ஷனா

&nbsp;

ராகலை
2024 ஆகஸ்ட் 4

அன்புள்ள மருமகளுக்கு,

நீ கண்டுபிடிப்பாய் என்று எனக்கு முன்னமே தெரியும். இதையாவது நம்பு.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை போனேன். கடையை இரண்டு நாள் பூட்டி, புதுச் சட்டை வாங்கி, எலுமிச்சையில் குளித்து, காற்றுக்கு எதிர்ப்பக்கமாக கேட்டுக்கு வெளியே நின்றேன். டாக்டர் நிலக்ஷி வந்தார். இவ்வளவு சின்னப் பிள்ளை என்று நினைக்கவில்லை. லொறி, மழை, வெள்ளைத்தலை டாக்டர் என்று தொடங்கத்தான் போனேன். பழக்கதோஷம். "மாமா, எனக்குக் கதை வேணாம். எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டார். உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. நம் குடும்பப் படம் வரைந்த தாளை விரித்தார்.

"அப்ப கட்டில் குடுத்தது அந்தக் கதைக்குத்தானே டாக்டர்?" என்று கேட்டேன். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது, ஏன் மறைக்கவேண்டும்.

"இல்ல. மூத்திரத்துல பட்டினியக் காட்டுற கீட்டோன் இருந்துச்சு, ஆறு கிலோ எறங்கியிருந்துச்சு. அதுக்கே வச்சிருக்கணும். ஆனா நீங்க சொன்ன கதையக் கேட்டதுக்கப்புறந்தான் நான் அந்தத் தாளத் திரும்பப் பாத்தேன். அது எங்க தப்பு, மாமா. ஒரு புள்ள வாந்தி எடுக்குதுன்னு நம்புறதுக்கு அவங்க அம்மாவையும் வாந்தி எடுக்க வைக்க வேண்டியிருந்திருக்கு."

பேனாவை எடுத்தார். அக்காவின் கறுப்பு வட்டத்துக்கு மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் வெறும் வட்டம் ஒன்று வரைந்தார். "சுலக்ஷனா ரத்தம் அப்புடியே இருக்கும், அதுல ஒரு மாத்தமும் இல்ல. அம்மாவுக்கு இல்லாமலும் இவ்வளவு கடுமையா வரும்னு இப்ப இந்தத் தாள் சொல்லும். அதுவும் ஒருத்திக்கு ஒதவும்" என்றார். பிறகு, "இத நான் அவகிட்ட சொல்ல மாட்டேன். நீங்க எழுதுங்க. ஒரு வரியும் சேக்காம எழுதுங்க" என்றார்.

சேர்க்காமல் எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. முதலில் எழுதிய தாளில் மறுபடி ஒரு லொறி வந்துவிட்டது. கிழித்துப் போட்டேன்.

ஜூன் மாதம் உன் கடிதம் வந்தபோது திங்கட்கிழமைக்கு நாள் இல்லை. போன வருஷம் நான் ஒன்றும் சொல்லவில்லை, நினைக்கவும் இல்லை. மசக்கைதானே என்று நானும்தான் இருந்தேன். இந்தத் தடவை உன்னை அந்தக் காம்பராவுக்கு அனுப்ப விடுவதில்லை என்று அந்தச் சின்ன பெஞ்சில் உட்கார்ந்து முடிவு செய்தேன். கையில் வேறு ஒன்றும் இல்லை. அக்கா பெயர்தான் இருந்தது. மறுபடி அப்படி ஒரு திங்கட்கிழமை வந்தால் பொய் சொல்ல மாட்டேன் என்று டாக்டர் அம்மாவிடம் நான் வாக்குக் கொடுக்கவில்லை.

உன் அம்மா உன்னைச் சுமந்தபோது ஒரு நாளும் ஆஸ்பத்திரியில் கிடக்கவில்லை. ஒரு தடவைகூட வாந்தி எடுக்கவில்லை. மூன்று வேளையும் சாப்பிட்டாள், என் பங்கு நெத்தலியையும் பொரித்துத் தின்றாள். ஆறிய உருளைக்கிழங்கை நகக்கண் அளவு விழுங்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள் இல்லை. அப்படி ஒருத்தி உனக்கு முன்னால் இருந்ததே இல்லை. அவளை நான் கற்பனையாக எழுதினேன். செய்தது நீ.

உன் மாமன்
வீரபத்திரன்